சரக்கென்று பெயர் வைத்தால் குப்பை நாறாதா?

கடைத்தெருவில் ‘விசேட கழிவு’ என்று பலகை தொங்கினால் உள்ளே நுழைகிறோம். வீட்டு வளவில் கழிவு என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். விலையில் குறைத்துத் தருவதும் கழிவுதான், வேண்டாமென்று வீசியெறிவதும் கழிவுதான். இவ்விரண்டும் ஏன் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன என்று நான் நெடுங்காலம் யோசித்ததில்லை. 2019 ஜூலையில் கொழும்புத் துறைமுகத்திலும் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்திலும் பிரித்தானியாவின் குப்பை கிடப்பதாகச் செய்தி வந்தபோதுதான் அது விளங்கிற்று. செல்வந்த நாடுகளில் குப்பையை முறைப்படி அழிப்பதற்குச் செலவு அதிகம். அந்தச் செலவில் ஒரு கழிவைப் பெற்றுக்கொள்வதற்காகவே அக்கழிவு கப்பலேறுகிறது. அங்கே மிச்சமாகும் காசு இங்கே நாற்றமாக வந்திறங்குகிறது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். நல்ல கவிஞர். “இதெல்லாம் சுங்கத் திணைக்களத்தின் வேலை. இலக்கியச் சஞ்சிகையில் குப்பைக்கு என்ன இடம்?” என்று கேட்டார். இக்கட்டுரை அவருக்கான பதில். அவரைப் போல் நினைப்பவர்கள் நம்மில் பலர் இருப்பதால் அவர்களுக்கும் ஆன பதில். குப்பையை எல்லை கடக்க வைப்பதில் கப்பலைவிட அதற்குச் சூட்டப்படும் பெயருக்கே பங்கு அதிகம் என்பது எனது வாதம். பத்திரத்தில் என்ன பெயர் எழுதப்படுகிறதோ அந்தப் பெயர்தான் அதைக் கைபிடித்துத் துறைமுகத்துக்குள் அழைத்து வருகிறது. சொற்களோடு வாழ்கிறவர்களுக்கு இதில் வேலையில்லையென்றால் வேறு யாருக்கு வேலையிருக்கிறது?

*

நடந்ததை முதலில் நினைவூட்டிவிடுகிறேன். நமது ஞாபகம் ஒரு தேர்தலுக்கு மேல் தாங்குவதில்லை.

2017 முதல் 2019 வரையான காலத்தில் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்கள் இலங்கைக்கு வந்தன. ஏறத்தாழ 3,000 தொன். பத்திரங்களின்படி அவற்றில் இருந்தவை பாவித்த மெத்தைகள், கம்பளங்கள், விரிப்புகள். மெத்தைகளிலிருந்து கம்பிச் சுருளையும் பஞ்சையும் பிரித்தெடுத்து மீண்டும் வெளிநாடுகளுக்கு அனுப்பப்போவதாக இறக்குமதி செய்த உள்ளூர்க் கம்பனி கூறிற்று. கொள்கலன்களைத் திறந்த சுங்க அதிகாரிகள் சொன்ன கதை வேறு. வைத்தியசாலைக் கழிவுகளும், பிரேத அறைகளிலிருந்து வந்த மனித உடற்பாகங்களும்கூட உள்ளே இருந்தன என்றார்கள். குளிரூட்டப்படாத கொள்கலன்கள் அவை. நமது வெயிலில் மாதக் கணக்காக, சில வருடக் கணக்காகக் கிடந்தன.

அந்த 2019 ஜூலை எப்படிப்பட்ட மாதம் என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஈஸ்டர் தாக்குதல் நடந்து மூன்று மாதம். பாடசாலை வாசல்களில் பிள்ளைகளின் புத்தகப் பைகளைத் திறந்து, கொப்பிகளுக்கிடையில் கைவிட்டுத் தேடிப் பார்த்துத்தான் உள்ளே அனுப்பினோம். சோற்றுப் பெட்டியையும் திறந்தோம். அப்படியொரு நாளில் பத்தாம் வகுப்புப் பிள்ளையொன்று பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து காட்டி, “சேர், எங்கட பேக்க ஒவ்வொரு நாளும் பாக்குறாங்க. இந்தப் பெட்டியள ஏன் சேர் ரெண்டு வருஷமா ஒருத்தரும் தொறந்து பாக்கல்ல?” என்று கேட்டது. அரசறிவியல் படித்த எவரும் அதைவிடச் சரியாகக் கேட்டிருக்க முடியாது.

அந்தக் கேள்விக்கு ஒரு சட்டப் பதில் இருக்கிறது. 2012 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் 2013 இல் வர்த்தக மைய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. பொருளைக் கொண்டுவந்து மீண்டும் ஏற்றுமதி செய்யும் கம்பனிகளை, குறிப்பிட்ட வலயங்களுக்குள், சுங்கக் கட்டளைச் சட்டத்தினதும் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தினதும் பிடியிலிருந்து அவ்விதிகள் விலக்கி வைத்தன. சிங்கப்பூரையும் துபாயையும் போல நாமும் கடல்வழி வியாபாரத்தின் நடு மையமாக வேண்டும் என்பது நோக்கமாம். நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் வேலிக்குள் ஒரு நிலத்தை ஒதுக்கி, ‘இங்கே வருவது இந்த நாட்டுக்கு வந்ததாகாது’ என்று சட்டம் செய்துவிட்டால், அந்த வேலிக்குள் முதலில் எது வந்து சேரும்? வேறு எந்த நாட்டுக்குள்ளும் நுழைய முடியாத பொருள்தான் வந்து சேரும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் அப்போதும் இருந்தது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் இருந்தது. அவை வேலிக்கு வெளியே நின்றன.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கொழும்பின் மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து 32 பேர் மாண்டது 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளில். சொந்தக் குப்பையின் கீழ் சொந்த மக்களைப் புதைத்த அதே வருடத்தில்தான் அடுத்தவரின் குப்பை நமக்கு ‘மூலப்பொருளாக’ வரத் தொடங்கிற்று.

*

இனிப் பெயர்களுக்கு வருகிறேன். கழிவு கப்பலேறிய வரலாற்றைப் புரட்டினால் அது பெரும்பாலும் பெயர் மாற்றிய வரலாறாகவே இருக்கிறது.

1986 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்து, எரித்த குப்பையின் சாம்பலை ஏற்றிக்கொண்டு ‘கியான் ஸீ’ என்றொரு கப்பல் புறப்பட்டது. சுமார் 14,000 தொன் சாம்பல். பஹாமாஸ் மறுத்தது. வேறு பல நாடுகளும் மறுத்தன. கடைசியில் ஹெய்ட்டி நாட்டின் கொனாய்வ் கரையில் ஏறத்தாழ 4,000 தொன் கொட்டப்பட்டது. ஹெய்ட்டிக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட பெயர் ‘உரம்’. உண்மை தெரிந்து அள்ளிச் செல்லுமாறு கேட்டபோது கப்பல் ஓடிவிட்டது. பின்னர் கப்பலே தன் பெயரை ஒரு தடவையல்ல, இரண்டு தடவை மாற்றிக்கொண்டது. 1988 இன் இறுதியில் சிங்கப்பூரில் காணப்பட்டபோது அது வெறுங்கப்பலாக இருந்தது. மிகுதிச் சாம்பல் கடலுக்குள் போயிற்று. கொனாய்வ் கரையில் கொட்டிய சாம்பல் அங்கிருந்து அகற்றப்பட்டது 2000 ஆம் ஆண்டில்.

அதே 1988 இல் நைஜீரியாவின் கோக்கோ என்ற சிறு துறைமுக ஊரில் இத்தாலியிலிருந்து வந்த நச்சுக் கழிவுப் பீப்பாய்கள் ஆயிரக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டன. கிராமத்தவர் ஒருவரின் வளவை மாதம் சுமார் 100 டொலர் வாடகைக்கு எடுத்து அங்கே அடுக்கியிருந்தார்கள். பத்திரத்தில் எழுதியிருந்த பெயர், கட்டிடத் தொழிலுக்கான இரசாயனம். இந்த வாடகையை எண்ணிப் பாருங்கள். அவர்களது நாட்டில் ஒரு பீப்பாயை அழிக்கும் செலவுக்குக்கூட அது காணுமோ தெரியாது. கழிவு என்ற சொல்லின் இரண்டு பொருளும் அந்த ஒரு வளவுக்குள் கைகுலுக்கிக்கொண்டன.

2006 இல் ‘புரோபோ கோலா’ என்ற கப்பல் ஐவரி கோஸ்டின் அபிஜான் நகருக்கு வந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சிய நச்சுத் திரவத்தை முதலில் நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாமில் இறக்கப் பார்த்தார்கள். அதன் தன்மை தெரிந்து கட்டணம் பன்மடங்கு உயர்ந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். கப்பல் கழுவிய சாதாரண நீர் என்பதுபோல் அதற்குப் பெயர். அபிஜானில் மலிவான விலை பேசிய ஓர் உள்ளூர்க் கம்பனி அதை லொறிகளில் கொண்டுபோய் நகரைச் சுற்றிப் பல இடங்களில் ஊற்றியது. அந்நாட்டு அதிகாரிகள் பதினைந்துக்குக் குறையாத மரணங்களைக் கணக்கிட்டார்கள். ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திய உதவி தேடினர். 2010 இல் நெதர்லாந்து நீதிமன்றம், கழிவைச் சட்டவிரோதமாக ஏற்றுமதி செய்ததற்கும் அதன் தன்மையை மறைத்ததற்கும் டிராஃபிகுரா கம்பனிக்கு 10 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. மறைத்தது என்றால் வேறென்ன, பெயரை மாற்றியதுதான்.

2013 இலும் 2014 இலும் கனடாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போன 103 கொள்கலன்களுக்கு வைத்த பெயர் ‘மீள்சுழற்சிக்குரிய பிளாஸ்டிக்’. திறந்தால் வீட்டுக் குப்பை, குழந்தைகளின் மலக்கச்சை. அவற்றில் எஞ்சியிருந்த 69 கொள்கலன்களைத் திருப்பி அனுப்ப 2019 மே மாதம் வரை போராட வேண்டியிருந்தது. உரம், கட்டிட இரசாயனம், கழுவு நீர், மீள்சுழற்சிப் பிளாஸ்டிக் என்று நீளும் இந்தப் பட்டியலில் நமக்குக் கிடைத்த பெயர் ‘பாவித்த மெத்தை’.

*

இந்தத் தந்திரத்தைத் தடுக்கச் சட்டமில்லையா? இருக்கிறது. கியான் ஸீயும் கோக்கோவும் உலகை உலுக்கியதன் விளைவாக 1989 மார்ச்சில் பேசல் சமவாயம் உருவாகி 1992 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டிலேயே இலங்கையும் இணைந்துகொண்டது. கழிவை அனுப்பும் நாடு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பெறும் நாடு எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சம்மதமின்றிக் கப்பலேற்றினால் அது குற்றம் என்பதுதான் அதன் சாரம். நமது ஊர்ப் பேச்சில் சொன்னால், அயலவன் வளவில் எதையும் வைப்பதற்கு முன் அவனிடம் கேள் என்பதாகும்.

அதற்குப் பிறகும் ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டு வருகின்றன. செல்வந்த நாடுகள் ஏனைய நாடுகளுக்கு ஆபத்தான கழிவுகளை ஏற்றுமதி செய்வதை முற்றாகத் தடுக்கும் திருத்தம் 1995 இல் நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்கு வர 2019 டிசம்பர் ஆயிற்று. இருபத்து நான்கு வருடம்! கலப்புப் பிளாஸ்டிக் கழிவுக்கும் முன்சம்மதம் வேண்டும் என்ற விதி 2021 ஜனவரியிலிருந்தும், மின்னணுக் கழிவு அனைத்துக்கும் அது வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியிலிருந்தும் செல்லுபடியாகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் புதிய ஒழுங்குவிதியொன்றை நிறைவேற்றி, 2026 நவம்பர் 21 முதல் செல்வந்த நாடுகளின் கூட்டமைப்புக்கு வெளியே பிளாஸ்டிக் கழிவு அனுப்புவதை இரண்டரை வருடங்களுக்குத் தடுத்தது. நமக்கு மெத்தை அனுப்பிய பிரித்தானியாவோ 2020 இலேயே ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டது. அமெரிக்கா சமவாயத்தில் 1990 இல் கைச்சாத்திட்டும் அதை ஏற்றுறுதி செய்யவில்லை.

சட்டம் ஒரு வாசலை மூடினால் குப்பை அடுத்த வாசலைத் தட்டும். 2018 ஜனவரியில் சீனா 24 வகைக் கழிவுகளின் இறக்குமதியை நிறுத்தியபோது, அங்கே போய்க்கொண்டிருந்தவை மலேசியாவுக்கும் வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் திரும்பின. ஆகவே எவ்வளவு விதி எழுதினாலும் அடிக் கேள்வி ஒன்றுதான் மிஞ்சுகிறது. இது சரக்கா, கழிவா? இதை முடிவு செய்பவர் யார்? பத்திரத்தை நிரப்புபவரே முடிவு செய்தால் பேசல் சமவாயம் ஒரு நல்ல காகிதக் கட்டு, அவ்வளவுதான்.

“மீள்சுழற்சி ஒரு தொழில்தானே, நாலு பேருக்கு வேலை கிடைக்குமே” என்பார்கள். இப்படிச் சொல்பவர்களை நான் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் நமது தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் பாடம் கேட்க வேண்டும். “பழைய இரும்பு, போத்தல், பேப்பர்” என்று கூவிக்கொண்டு வருகிறாரே, அவர் தராசைப் பிடித்து நிறுத்து நமது கையில் காசு தந்துவிட்டுத்தான் பொருளை எடுத்துப் போகிறார். அவருக்கு அது சரக்கு. குப்பை வண்டிக்காரருக்கோ நாம்தான் வரியாகவோ கைக்காசாகவோ கொடுக்கிறோம். எடுப்பவர் காசு கொடுத்தால் சரக்கு. கொடுப்பவரே காசும் கொடுத்து அனுப்பினால் கழிவு. நெல் வாங்கியவனுக்கு நெல் விற்றவன் காசு கொடுத்ததை எந்தப் பெரியவராவது கண்டிருக்கிறாரா? துறைமுகத்தில் இருப்பவர்கள் அந்தப் பழைய மெத்தைக்குப் பணம் எந்தத் திசையில் போயிற்று என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நேர்மையான மீள்சுழற்சியாளர் எவரும் இந்தக் கேள்விக்கு அஞ்சமாட்டார்.

*

“எப்படியோ திருப்பி அனுப்பிவிட்டோமே, வெற்றிதானே” என்பது அடுத்த வாதம். அனுப்பியது உண்மை. சுற்றாடல் நீதிக்காக உழைக்கும் ஓர் அமைப்பு வழக்குத் தொடர்ந்து, மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 இல் அதை ஏற்றுக்கொண்டிராவிட்டால் அதுவும் நடந்திருக்காது. அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். முதல் 21 கொள்கலன்கள் 2020 செப்டெம்பரிலும், கடைசி 45 கொள்கலன்கள் 2022 பெப்ரவரியிலும் கப்பலேறின.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏற்றுமதியாளரின் குற்றத்தால் கழிவு சட்டவிரோதமாக வந்தால், அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள், அல்லது இரு நாடுகளும் இணங்கும் ஒரு நியாயமான காலத்துக்குள், அனுப்பிய நாடு அதைத் திருப்பியெடுக்க வேண்டும் என்கிறது சமவாயம். நமக்கு 31 மாதம் பிடித்தது. அந்தச் சமவாயத்தில் அடுத்த வரி இன்னும் முக்கியமானது. குற்றம் இறக்குமதியாளருடையது என்றால், அழிக்கும் பொறுப்பு இறக்குமதி செய்த நாட்டின் தலையில் விழும். ஓர் உள்ளூர்க் கம்பனி விரும்பி வரவழைத்து, நமது பாராளுமன்றத்தின் சட்டமே அதற்கு வேலி கட்டிக் கொடுத்திருந்தால், நாளை இன்னொரு நாடு இந்த வரியைச் சுட்டிக்காட்டி “உங்கள் ஆள் கேட்டான், அனுப்பினோம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லலாம். ஆகவே திருப்பி அனுப்பியதை வெற்றி என்று மட்டும் கொண்டாடுவது, திருடன் அகப்பட்டதற்குப் பட்டாசு கொளுத்திவிட்டுக் கதவைத் திறந்தபடியே படுக்கப் போவதாகும்.

இதை வெள்ளைக்காரனின் குற்றம் என்று மட்டும் எழுதிவிட்டால் நமக்கு மனம் குளிரும். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் 2019 இல் நடந்த விசாரணை இன்னொன்றையும் கண்டறிந்தது. அதே இறக்குமதியாளர் 2017 இலும் 2018 இலும் சுமார் 180 தொன்னை இந்தியாவுக்கும் துபாய்க்கும் மீள்ஏற்றுமதி செய்திருந்தார். அதாவது நமது துறைமுகத்தில் கைமாறிய குப்பை, ‘இலங்கையிலிருந்து வந்த சரக்கு’ என்ற புதுப் பெயரோடு இன்னொருவரின் கரையில் இறங்கியிருக்கிறது. அந்தக் கரைக்காரர்களுக்கு நாம்தான் வெள்ளைக்காரர்.

*

இப்போது நமது சமூகத்தோடு பேச வேண்டிய ஒன்றைப் பேசுகிறேன். சிலருக்குக் கசக்கும்.

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் மௌத்தான நம்மவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அடக்கினால் நிலத்தடி நீர் மாசுபடும் என்று சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தை அனுமதித்திருந்தும் கேட்கவில்லை. அதே மாதங்களில்தான் அந்நிய நாட்டு வைத்தியசாலைக் கழிவு உள்ளதென்று சுங்கமே சொன்ன கொள்கலன்கள் இந்த மண்ணில் திருப்பி அனுப்பப்படக் காத்துக் கிடந்தன. கபனிட்டு ஆழக் குழிவெட்டி அடக்கும் ஒரு ஜனாஸா நீரைக் கெடுக்கும். பெயர் தெரியாத மனிதர்களின் உடற்பாகங்கள் மெத்தைக்குள் சுருண்டு வந்தால் அது மீள்ஏற்றுமதி வியாபாரம்! 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பை ஏற்பதும் விடுவதும் மையித்துக்குரியவர்களின் உரிமை. நான் சொல்ல வருவது வேறு. ‘சுற்றாடல்’ என்ற சொல் நமக்கெதிராகப் பொய்யாகப் பாவிக்கப்பட்டதால், அந்தச் சொல்லையே சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. அது ஆபத்து. களவுபோன சொல்லை மீட்க வேண்டும், கைவிடக் கூடாது. அந்த மெத்தைகளுக்குள் வந்ததாகச் சொல்லப்படும் உடற்பாகங்களும் யாரோ ஓர் உம்மா பெற்ற பிள்ளைகளுடையவை. அவற்றுக்காகவும் பேசியிருக்க வேண்டியவர்கள் நாம்.

புத்தளத்தைப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நமது சனங்களை அணைத்துக்கொண்ட மண் அது. நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் சாம்பலைச் சுமக்கும் மாவட்டமும் அதுதான். கொழும்பின் குப்பையைச் சுமார் 170 கிலோமீற்றர் தூரம் கொண்டுபோய், சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய அருவக்காட்டுக் குழியில் கொட்டுவதென்று கொழும்பில் முடிவெடுத்தார்கள். 2018 இல் புத்தளத்து மக்கள் நாட்கணக்காகத் தெருவில் அமர்ந்தார்கள். முஸ்லிம்களோடு தமிழரும் சிங்களவரும் இருந்தார்கள். 2019 ஆகஸ்டில், பிரித்தானியக் குப்பை அகப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், கொழும்புக் குப்பையின் முதல் லொறிகள் அருவக்காட்டுக்குப் போயின. “எங்களைக் கேட்காமல் எப்படி அனுப்பினாய்?” என்று இலண்டனைப் பார்த்துக் கொழும்பு கேட்டது. அதே வார்த்தையைக் கொழும்பைப் பார்த்துப் புத்தளம் கேட்டபோது, அபிவிருத்திக்குத் தடை போடுகிறார்கள் என்றார்கள். கடல் கடந்தால்தான் சம்மதம் வேண்டும், கலா ஓயாப் பக்கம் போனால் வேண்டாம் என்பது என்ன நீதி?

புத்தளத்துக்கு நேர்ந்ததை எழுதிவிட்டு நமது ஊர்களை மறைத்தால் அதுவும் பெயர் மாற்றும் வேலைதான். எங்கள் ஊரில் வாரத்துக்கு இரண்டு தடவை உழவு இயந்திரப் பெட்டியில் குப்பை போகிறது. எங்கே போகிறது என்று பலகாலம் எவரும் கேட்கவில்லை. ஒரு நாள் மாணவர்களோடு நடந்து போய்ப் பார்த்தேன். அடுத்த ஊரின் வயலோரத்து வாய்க்கால் கரை. அந்த ஊர்க்காரர் வேறு மொழி பேசுபவர். ஆடு அறுத்த தோலும், கத்தம் ஓதிய வீட்டுப் பிளாஸ்டிக் தட்டுகளும், என் வீட்டுப் பையும் அங்கே கிடந்தன. வயற்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியால் ஒரு பையைத் தள்ளி வாய்க்காலுக்கு வழிவிட்டார். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று மக்தபில் படித்த பிள்ளைகள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அந்த இடத்தில் பாடம் நடத்த வாய் வரவில்லை.

*

விமர்சனம் மட்டும் செய்கிறார், வழி சொல்லவில்லை என்று கடிதம் வரும். ஆகவே சொல்லிவிடுகிறேன்.

எந்த வலயமானாலும், எந்தச் சலுகைக் கம்பனியானாலும், பாவித்த பொருள் என்று வரும் கொள்கலன் சுற்றாடல் அதிகார சபையின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கப்பலிலிருந்து இறங்கக் கூடாது. பணம் எந்தத் திசையில் போயிற்று என்பதற்கான சான்று பத்திரத்தோடு இணைக்கப்பட வேண்டும். கழிவென்று பின்னர் தெரிந்தால் திருப்பி அனுப்பும் செலவுக்கான பிணைப்பணம் முன்கூட்டியே கட்டப்பட வேண்டும். பெறும் நாடு அதைக் கேட்பதற்குப் பேசல் சமவாயமே இடம் தருகிறது. சட்டவிரோதக் கழிவு வியாபாரம் குற்றவியல் குற்றம் என்று அதே சமவாயம் சொல்வதால், அபராதத்தோடு விட்டுவிடாமல் ஆட்களைக் கூண்டில் ஏற்ற வேண்டும். அபராதம் மட்டும் என்றால் வியாபாரி அதையும் செலவுக் கணக்கில் சேர்த்து, அதிலும் கழிவு கேட்பான். இதே விதி உள்நாட்டுக்கும் வர வேண்டும். ஒரு மாநகர சபையோ பிரதேச சபையோ தன் எல்லைக்கு வெளியே குப்பையை அனுப்புவதானால், பெறும் ஊரின் மக்களிடம் அறிவித்து, அவர்களது சம்மதத்தைப் பெற்ற பின்னரே அனுப்ப வேண்டும்.

நமது பள்ளிவாசல் நிருவாகங்களும் இதில் ஒதுங்கி நிற்க முடியாது. ஹலால், ஹராம் என்று உணவுப் பொதியின் முன்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். வெறும் பொதி கடைசியில் யாருடைய வாய்க்காலில் போய்க் கிடக்கிறது என்று ஒரு குத்பாவிலாவது கேட்கலாம். அயலவனின் உரிமை பற்றி நமக்குப் புதிதாக எவரும் போதிக்க வேண்டியதில்லை.

எழுதுகிறவர்களுக்கு இன்னும் எளிய வேலை இருக்கிறது. பத்திரிகைகளில் ‘பாவித்த மெத்தை இறக்குமதி’, ‘கழிவு மூலவள வர்த்தகம்’, ‘திண்மக் கழிவு முகாமைத்துவக் கருத்திட்டம்’ என்றெல்லாம் வரும்போது, அவற்றை அப்படியே நமது வாக்கியங்களுக்குள் இறக்குமதி செய்யாதிருப்போம். குப்பையைக் குப்பை என்றே எழுதுவோம். எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார், யார் வாங்கினார், யார் சம்மதித்தார், யாரிடம் கேட்கவில்லை என்று எழுதுவோம். முப்பது வருடமாக அகதி, இடம்பெயர்ந்தோர், சிறுபான்மை என்று மற்றவர்கள் நமக்குச் சூட்டிய பெயர்களோடு மல்லுக்கட்டியவர்கள் நாம். ஒரு பெயர் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும்.

குப்பைக்கு இலக்கியச் சஞ்சிகையில் என்ன இடம் என்று கேட்ட கவிஞர் நண்பருக்கு ஒரு வார்த்தை. அந்த வயற்காரரின் வாய்க்காலுக்கு என்னோடு ஒரு நாள் வாருங்கள். போகும்போது இரண்டு மண்வெட்டிகளையும் கொண்டு போவோம். திரும்பி வந்த பிறகு உங்கள் மறுப்பை எழுதுங்கள். இதே சஞ்சிகையில் வாசிக்கக் காத்திருக்கிறேன்.